வேறு பட்டம் முடித்தபின் தகவல் அமைப்பியல்: திருநெல்வேலிப் பட்டதாரிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பி.காம்., பி.ஏ. பொருளியல், பி.எஸ்சி. வேதியியல் என்று ஏதோ ஒரு பட்டத்தை முடித்துவிட்டுத் தகவல் அமைப்பியல் பக்கம் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தில் தகவல் எங்கே பிறக்கிறது, யார் யார் கைக்குப் போகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, அதை வைத்து யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற கணினி அமைப்பை வடிவமைப்பதுதான் இந்தத் துறை. நிரல் எழுதுவது அதில் ஒரு பகுதி.

நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்த வரையில், திறமை போதாமல் தடுக்கி விழுகிறவர்கள் குறைவு. வரிசை தவறி விழுகிறவர்கள்தான் அதிகம். முதலில் ஒரு பயிற்சி மையத்தில் பணத்தைக் கட்டி ஜாவா படிப்பார்கள். பிறகு கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கப் போவார்கள். அங்கே பிளஸ் டூவில் கணிதம் உண்டா என்று கேட்கும்போதுதான் மதிப்பெண் பட்டியலை எடுத்தே பார்ப்பார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பாருங்கள்

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் பட்டப்படிப்பின் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலையும் மேசையில் வையுங்கள். இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் ஒரு பாடமாக இருந்ததா? பட்டப்படிப்பில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் என்றால் 45 சதவீதம், இருக்கிறதா?

எம்.சி.ஏ. 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. எதை முடித்தவரும் வரலாம். ஆனால் பிளஸ் டூ அல்லது பட்டப்படிப்பு அளவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்பதே நெடுநாள் விதி. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் 2024-27 கையேடு இதைத் தளர்த்தி, கணிதம் இல்லாதவர்கள் விடுபட்ட அடிப்படையை ஈடுகட்டும் இணைப்புப் பாடத்தைக் கட்டாயம் படிக்கட்டும் என்கிறது. இதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களும் மாநிலக் கலந்தாய்வும் தங்கள் விதியைக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சேரும் ஆண்டின் தகவல் கையேட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் செல்லும்.

வணிகவியல் மாணவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்களும் உண்டு, அதற்குப் பதில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களும் உண்டு. பி.காம்.மில் வணிகப் புள்ளியியல் என்ற பெயரில் ஒரு தாள் இருந்திருக்கலாம். அது கணிதமாக ஏற்கப்படுமா என்று சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ‘அதெல்லாம் பரவாயில்லை, வாருங்கள்’ என்று சொன்னவர், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அந்த மேசையில் இருக்க மாட்டார்.

எம்.எஸ்சி. கணினி அறிவியலும் எம்.எஸ்சி. தகவல் தொழில்நுட்பமும் பெரும்பாலும் பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. போன்றவற்றை முடித்தவர்களுக்கு உரியவை. வேறு பட்டம் வைத்துக்கொண்டு இவற்றுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவது வீண்.

கணிதமே இல்லாதவர்களுக்கும் வாசல் உண்டு. எம்.பி.ஏ.வில் சிஸ்டம்ஸை, அதாவது தகவல் அமைப்பு மேலாண்மையை, சிறப்புப் பாடமாக எடுப்பது ஒன்று. அதற்கு எந்தப் பட்டமும் போதும். தகவல் அமைப்பியலின் நிர்வாகப் பக்கத்துக்கு இதுதான் நெருக்கம் என்பது என் கருத்து. எம்.சி.ஏ. கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று அதைத் தாழ்த்திப் பேசுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது வழி, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. பிளஸ் டூ தேறியிருந்தால் சேரலாம். மூன்று ஆண்டு பிடிக்கும், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், முடித்தபின் எம்.சி.ஏ.வுக்கு நேராகப் போகலாம். மூன்றாவது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் படிப்பு. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ தேறியிருந்தால் தகுதித் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். நான்கு வாரப் பாடம் படித்து, வாராந்தரப் பயிற்சிகளை முடித்த பிறகுதான் அந்தத் தேர்வு. நடுவில் நிறுத்தினாலும், முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். கணிதத்தில் நமக்குத் தாக்குப்பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க அந்த நான்கு வாரமே நல்ல உரைகல்.

இரண்டு எச்சரிக்கைகள். கணினி மையங்கள் சில, தாங்களே தரும் சான்றிதழுக்கு பி.ஜி.டி.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் பட்டயம்) என்று பெயர் வைத்திருக்கின்றன. சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லையென்றால் அது பட்டயப் படிப்பு ஆகாது. அடுத்தது, பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்கள். 10+2+3 என்ற வரிசையைக் கேட்கும் இடங்களில் இந்தப் பட்டம் நிற்காது. அவர்கள் பிறகு தனித்தேர்வராகப் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தாலும், வரிசை மாறிவிட்டது என்று மறுக்கப்படலாம்; விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

2. சான்றிதழ்களை இப்போதே சேருங்கள்

இது சலிப்பான படி. அதனாலேயே எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவை கையில் இருக்கட்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதானால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு நேரில் போகிறவர்கள் ஒரே பயணத்தில் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட்டு வாருங்கள்.

பெயரும் முன்னெழுத்தும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ‘முருகன் சு’, ஆதாரில் ‘முருகன் சுடலைமுத்து’, கல்லூரியில் ‘சு. முருகன்’ என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கு இப்போது யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டி.இ.பி. அடையாள எண் கட்டாயம். அதை எடுக்க, படிப்பில் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஏ.பி.சி. கணக்கின் எண் வேண்டும், இந்த வரிசையில் ஆதாரில் உள்ள பெயரும் அதனோடு இணைத்த கைபேசி எண்ணும் தேவைப்படும். சேர்க்கையின் கடைசி வாரத்தில் ஆதார் திருத்தத்துக்கு வரிசையில் நிற்பதைவிட இன்றே இ-சேவை மையத்தில் சரிபார்த்துவிடுவது மேல்.

அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடியுங்கள். புதுப் படிப்பின் உற்சாகத்தில் பழைய தாளை மறந்து, சேர்க்கைக்குப் பிறகு இடத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

3. கணிதத்தைத் தூசி தட்டுங்கள்

எல்லாக் கணிதமும் தேவையில்லை. கணங்கள், சார்புகள், தருக்கம், விகிதமும் சதவீதமும், வரிசை மாற்றமும் சேர்மானமும், நிகழ்தகவு, அணிகள். இவை போதும். தொகையீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணங்கள் ஏன் முதலில் வருகின்றன என்றால், தகவலை அட்டவணைகளாகச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்தின் ஒவ்வோர் அட்டவணையும் உண்மையில் ஒரு கணம். இரண்டு பட்டியல்களுக்குப் பொதுவானவர்கள் யார், ஒன்றில் இருக்கிற ஆனால் மற்றொன்றில் இல்லாதவர்கள் யார் என்று கேட்பதெல்லாம் கணங்களின் வெட்டும் வேறுபாடும்தான். தருக்கம் ஏன் என்றால், ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ மூன்றையும் அடைப்புக்குறி போட்டுச் சரியாகச் சேர்க்கத் தெரியாதவர் எந்தக் கணினி மொழியிலும் தவறான விடையைத்தான் எடுப்பார்.

புத்தகத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. கணிதத்தோடு 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் என்ற நிரல் மொழி, தரவுத்தளக் கருத்துருக்கள், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். மூன்றும் அதில் இருக்கின்றன. பட்டதாரிகள் பள்ளிப் புத்தகத்தைத் தொடக் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு மாதக் கட்டணம் கட்டிப் பயிற்சி மையத்தில் அதே பாடத்தைக் கேட்கிறார்கள்.

4. உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

வேறு எதையும் தாண்டிப் போனாலும் இதைத் தாண்ட வேண்டாம்.

மாதிரித் திட்டம் என்று சொன்னதும் நூலக மேலாண்மை, மாணவர் வருகைப்பதிவு என்று எல்லாரும் ஒரே பட்டியலுக்குள் விழுகிறார்கள். அவற்றில் கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. எல்லா விடைகளும் இணையத்தில் கிடக்கின்றன. உங்கள் வீட்டுக்கு நூறு அடிக்குள் நடக்கும் ஒரு தொழிலை எடுங்கள். அம்பாசமுத்திரத்தில் நெல் அரவை ஆலை, களக்காட்டில் வாழைத்தார் மண்டி, டவுனில் அல்வாக் கடை, மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடிக் கம்பெனியின் கிளை. எது உங்களுக்குப் பழக்கமோ அது.

பீடியையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளி கிளைக்குப் போய் இலையும் தூளும் வாங்குகிறார். வீட்டில் இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, கட்டுகளாக ஒப்படைக்கிறார். கிளையில் சரிபார்த்துக் கழிக்க வேண்டியதைக் கழிக்கிறார்கள். ஏற்றுக்கொண்டது பாஸ் புத்தகத்தில் பதிவாகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதில் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம்.

சுலபமாகத் தோன்றும். கிளைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். இலை மட்டமாக இருந்தால் கொடுத்த எடைக்கு ஆயிரம் பீடி தேறாது. அந்தக் குறையை யார் தலையில் எழுதுவது? பல வீடுகளில் புத்தகம் அம்மா பெயரில் இருக்கும், சுற்றுவதில் மகளும் மருமகளும் இருப்பார்கள். பதிவேட்டின்படி ஒருவர், நடப்பில் மூவர். நீங்கள் வடிவமைக்கும் அமைப்பில் இது எங்கே உட்காரும்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்தான் அமைப்புப் பகுப்பாய்வாளர். கணினி இன்னும் திறக்கப்படவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

விசாரிக்கும் முறைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். ‘அண்ணாச்சி, உங்களுக்கு எந்த மாதிரி சாஃப்ட்வேர் வேண்டும்?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் எதற்குத் தம்பி, நோட்டே போதும்’ என்று பேச்சு முடிந்துவிடும். ‘இந்தச் சிட்டை எத்தனை பிரதி போடுவீர்கள் அண்ணாச்சி? ஒரு பிரதி யாருக்குப் போகும்? கணக்கு உதைத்தால் எந்த நோட்டைப் பார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். காகிதத்தைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள். கடைசிக் கேள்வி முக்கியம்: இரண்டு நோட்டு முரண்படும்போது அவர் எதை நம்புகிறாரோ அதுதான் அந்தத் தொழிலின் உண்மையான தரவுத்தளம்.

பார்த்ததை ஒரு தாளில் படமாக வரையுங்கள். ஆட்கள் பெட்டிகளில், காகிதங்கள் அம்புக்குறிகளில். பிறகு அந்தத் தாளை அண்ணாச்சியிடமே காட்டுங்கள். ‘இது இப்படி இல்லையே’ என்று அவர் திருத்தும் இடத்தைக் குறித்துவையுங்கள். நீங்கள் அனுமானத்தில் வரைந்த இடம் அது.

உண்மையான தொழிலாளர் பெயர், ஆதார் எண், வைப்பு நிதி எண் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உங்களை நம்பி நோட்டைத் திறந்து காட்டியவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது. நோட்டின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்பனைப் பெயர்களையும் எண்களையும் போட்டு நிரப்புங்கள்.

5. விரிதாளில் ஒரு மாதக் கணக்கைப் போடுங்கள்

எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆஃபிஸ் கால்க் போதும், அது இலவசம்.

விதி ஒன்றுதான். ஒரு வரிசையில் ஒரு நிகழ்வு. மூன்றாம் தேதி ஒருவர் இலை வாங்கினால் ஒரு வரிசை. ஐந்தாம் தேதி பீடி ஒப்படைத்தால் வேறு தாளில் ஒரு வரிசை. நோட்டுப் போட்டுப் பழகியவர்கள், குறிப்பாக வணிகவியல் படித்தவர்கள், தேதிகளைக் குறுக்கே நெடுவரிசைகளாகப் பரப்பி, தலைப்புக் கட்டங்களை ஒன்றாக இணைத்து அழகு பார்ப்பார்கள். கண்ணுக்கு அது அறிக்கை. கணினிக்கு அது குப்பை. பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் விரிதாள் வசதியான பிவட் அட்டவணை அறிக்கையைச் செய்து தரும். நீங்கள் பதிவை மட்டும் ஒழுங்காகப் போடுங்கள்.

இந்தப் படியிலேயே இரண்டு வழக்கமான விபத்துகளைப் பார்த்துவிடுவீர்கள். 0147 என்ற தொழிலாளர் எண்ணைத் தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே உரை வகையாக மாற்ற வேண்டும். ஏனென்றால் அது கூட்டிக் கழிக்கும் எண் அன்று, அடையாளம். இன்னொன்று, 03-04 என்பது ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் மாறி மாறித் தெரியும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதப் பழகினால் இந்தத் தொல்லை விடும்.

6. தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள்

எஸ்.க்யூ.லைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளும் அதைத் திறந்து பார்க்க உதவும் டி.பி. பிரவுசரும் இலவசம். சர்வர் நிறுவும் வேலை இல்லை. தொடங்கும்போதே பெரிய மென்பொருளை நிறுவப் போய், கடவுச்சொல் பிழையில் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு. அந்தப் போராட்டத்தில் தரவுத்தளம் பற்றி எதுவும் கற்க முடியாது.

மூன்று அட்டவணைகள் போடுங்கள்: தொழிலாளி, இலை வழங்கல், பீடி ஒப்படைப்பு. தொழிலாளி அட்டவணைக்குச் சாவி, அதாவது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம், பெயர் ஆகாது, எண்தான். ஒரே தெருவில் எத்தனை இசக்கியம்மாள் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற இரண்டு அட்டவணைகளிலும் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள். பெயரில் எழுத்துப்பிழை திருத்த வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதுதான் காரணம். இயல்பாக்கம் என்று பாடத்தில் பக்கம் பக்கமாக வருவதன் சாரம் இதுவே.

அடுத்து கேள்விகள். எடுக்கவும் வடிகட்டவும் தொகுக்கவும் உதவும் செலக்ட், வேர், குரூப் பை மூன்றும் சீக்கிரம் பிடிபடும். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் வந்ததும் தடுமாற்றம் தொடங்கும். இரண்டு பிழைகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நேர்முகத் தேர்விலும் இவைதான் கேட்கப்படுகின்றன.

முதல் பிழை, ஆள் காணாமல் போவது. ‘இந்த மாதம் ஒவ்வொருவரும் வாங்கிய இலை, ஒப்படைத்த பீடி’ என்று கேட்டு, சாதாரண ஜாயின் போடுகிறீர்கள். இலை வாங்கிப் பீடியே ஒப்படைக்காதவர் விடையில் வரவே மாட்டார், ஏனென்றால் அவருக்கு இரண்டாவது அட்டவணையில் வரிசை இல்லை. கிளைக்காரருக்கு யாரைப் பற்றி முதலில் தெரிய வேண்டுமோ அவரையே உங்கள் அறிக்கை விழுங்கிவிட்டது. முதல் அட்டவணையில் உள்ள எல்லாரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டால் அவர் வருவார், பீடி எண்ணிக்கைக் கட்டம் வெற்றாக இருக்கும். அந்த வெற்றுக்கும் பூஜ்யத்துக்கும் வேறுபாடு உண்டு. ஒப்படைத்த அத்தனையும் கழிக்கப்பட்டால் ஏற்றது பூஜ்யம். ஒப்படைக்கவே வராவிட்டால் வெற்று.

இரண்டாவது பிழை, கணக்கு ஊதிப்போவது. ஒருவர் மூன்று முறை இலை வாங்கியிருக்கிறார், நான்கு முறை பீடி கொடுத்திருக்கிறார். இரண்டு அட்டவணைகளையும் அவர் எண்ணால் நேரடியாக இணைத்தால் 3 × 4 என 12 வரிசைகள் உருவாகும். கூட்டினால் இலை நான்கு மடங்காகவும் பீடி மூன்று மடங்காகவும் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது; எண் மட்டும் தவறாக இருக்கும். ஒவ்வோர் அட்டவணையையும் முதலில் தனித்தனியாக ஆள்வாரியாகக் கூட்டிவிட்டுப் பிறகு இணைக்க வேண்டும்.

இந்த இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது? விரிதாளில் போட்ட மாதக் கணக்கு இருக்கிறதே, அதன் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்தாம் படி ஆறாம் படிக்கு முன்னால் இருப்பதற்கு இதுதான் காரணம். பி.காம். படித்தவர்களுக்குச் சரிக்கட்டிப் பார்ப்பது கைவந்த பழக்கம். கணினி அறிவியல் பட்டதாரிகள் பலர் இதைச் செய்வதே இல்லை.

7. இப்போது பைத்தான்

நிரல் மொழி இத்தனை பின்னால் வருகிறதே என்று சிலருக்குப் பொறுமை போகும். எதைச் செய்ய நிரல் எழுதுகிறோம் என்று தெரிந்தபின் எழுதினால் பாதி நேரத்தில் பிடிபடும்.

மாறி, நிபந்தனை, மடக்கு, பட்டியல், அகராதி, சார்பு, கோப்பைப் படிப்பது. இவ்வளவு தெரிந்ததும் நிறுத்தி, ஒரு வேலை செய்யுங்கள். பீடிக் கணக்கைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக (சி.எஸ்.வி.) எடுத்து, தவறான பதிவுகளைச் சுட்டிக்காட்டும் நிரல் ஒன்றை எழுதுங்கள். ஒப்படைத்ததைவிடக் கழிவு அதிகமாக இருக்கும் வரிசை, பட்டியலில் இல்லாத தொழிலாளர் எண், வருங்காலத் தேதி. இதை முடித்தவர் எம்.சி.ஏ. முதல் பருவத்து ஆய்வகத்தில் மிரள மாட்டார்.

மடிக்கணினி பற்றிக் கேட்கிறார்கள். 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகமும் இருந்தால் பழையதே போதும். கைபேசியில் காணொளி பார்த்து நிரல் கற்க முடியாது. விரல் தட்ட வேண்டும்.

தொடர்ச்சியாகப் பாடம் கேட்க, ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல். இருக்கிறது. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் பாடத்துக்கு உரிய தேர்வுக் கட்டணத்தைக் கட்டி மையத்தில் தேர்வு எழுத வேண்டும். ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். நான்கில் சேர்ந்து நான்கையும் பாதியில் விட்டவர்கள்தான் எங்கும் கண்ணில் படுகிறார்கள்.

8. நுழைவுத் தேர்வும் கலந்தாய்வும்

எம்.சி.ஏ., எம்.பி.ஏ. இரண்டுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு. 2023 முதல் 2025 வரை மார்ச் மாதத்தில் நடந்தது. அறிவிப்பு ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்துவிடும். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். 100 கேள்விகள், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும்.

எம்.சி.ஏ. தாளில் அளவறிவு, தருக்கம், பகுத்தாய்வு, கணினி அறிவு, பொது அறிவு என்று வரும். மூன்றாம் படியை ஒழுங்காக முடித்தவர்களுக்குப் பாதித் தாள் அங்கேயே தயாராகிவிட்டது. மிச்சத்துக்குப் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாகத் தள்ள முடிந்தால் ஊகித்துக் குறிப்பது லாபம். ஒன்றையும் தள்ள முடியாத கேள்வியை விட்டுவிடுங்கள்.

தேர்வு எழுதினால் மட்டும் இடம் கிடைக்காது. மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதைக் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்திவருகிறது. டான்செட்டில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, கடிதம் வீட்டுக்கு வரும் என்று காத்திருந்து தேதியைக் கோட்டைவிடும் கதை ஆண்டுதோறும் நடக்கிறது.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது நேரில் போய் ஆய்வகத்தையும், இணைப்புப் பாடத்தை யார் எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பிற பட்டத்தினருக்கு என்று தனி வகுப்பு நடத்தும் கல்லூரியா, பாடத்திட்டத்தில் பெயரளவுக்கு வைத்துவிட்டு ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் கல்லூரியா என்பது, விளம்பரப் பலகையில் இருக்கும் சம்பளத் தொகையைவிட முக்கியம். மூத்த மாணவர்களிடம், அதிலும் பி.காம்., பி.ஏ. முடித்துவிட்டு வந்தவர்களிடம் கேளுங்கள்.

9. முதல் பருவம்

இங்கேதான் அதிகம் பேர் மனம் தளர்கிறார்கள். பக்கத்து இருக்கையில் பி.சி.ஏ. முடித்தவர் இருப்பார். தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை என்று ஆசிரியர் தொடங்கும்போது அவருக்கு அது இரண்டாம் முறை, உங்களுக்கு முதல் முறை. ஒரு பருவத்துக்கு இந்த இடைவெளி இருக்கும். இரண்டாம் பருவத்தில் சுருங்கும். கணக்கியல், நிறுவன மேலாண்மை, அமைப்புப் பகுப்பாய்வு வரும்போது தட்டு உங்கள் பக்கம் சாயும்.

இணைப்புப் பாடங்களின் மதிப்பெண் மொத்தத்தில் சேராது என்றால் மாணவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். தேறாவிட்டால் பட்டம் நிற்கும். அவற்றை முதல் முயற்சியிலேயே முடியுங்கள்.

தென்காசி, வள்ளியூர், நாங்குநேரி பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள் ஆய்வகப் பயிற்சியை வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். மாலை ஒரு மணி நேரம் கல்லூரியிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். பஸ்ஸில் படிக்கலாம், நிரல் எழுத முடியாது.

10. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது

பழைய பட்டத்தை மறைக்காதீர்கள். சுயவிவரத்தில் அதைக் கடைசி வரியில் சிறிய எழுத்தில் போடும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பி.காம். படித்து எஸ்.க்யூ.எல். தெரிந்தவரை நிறுவன வளத் திட்டமிடல் (இ.ஆர்.பி.) மென்பொருளின் கணக்குப் பிரிவுக்கும் ஜி.எஸ்.டி. மென்பொருள் ஆதரவுப் பணிக்கும் தேடுகிறார்கள். வேதியியல் படித்தவருக்கு ஆய்வகத் தகவல் அமைப்பு, செவிலியர் பட்டம் பெற்றவருக்கு மருத்துவமனைப் பதிவேடு, ஆங்கில இலக்கியம் படித்தவருக்குத் தொழில்நுட்ப ஆவணம் எழுதும் பணி. விண்ணப்பிக்க வேண்டிய பணிப் பெயர்கள்: வணிகப் பகுப்பாய்வாளர், தரவுப் பகுப்பாய்வாளர், மென்பொருள் சோதனையாளர், செயலாக்க ஆலோசகர். நிரலாளர் என்ற ஒரே பெயரை மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நான்காம் படியில் வரைந்த படம், ஆறாம் படியின் தரவுத்தளம், ஏழாம் படியின் நிரல் மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, ஒரு பக்க விளக்கம் எழுதி வையுங்கள். ‘உங்கள் திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது, புத்தகத்தில் பெயர் ஒருவர், நடப்பில் மூவர் என்ற சிக்கலில் இருந்து தொடங்குங்கள். நூலக மேலாண்மையையே நாள் முழுவதும் கேட்டுச் சலித்த அந்த மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கும் வாய்ப்பில்லாமல் இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் அலுவலகம் இயங்குகிறது. கங்கைகொண்டானில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இவை போக, ஊரில் உள்ள ஆலைகள், மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள், மொத்த வியாபாரிகள் எல்லாரும் ஏதோ ஒரு மென்பொருளை வாங்கிவைத்துக்கொண்டு, அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த ஆளில்லாமல் திண்டாடுகிறார்கள். முதல் அனுபவத்தை அங்கே பெறலாம். சம்பளம் குறைவாக இருக்கும். ஆனால் ஓர் அமைப்பை முழுதாகக் கையாளும் வாய்ப்பு, பெரிய நிறுவனத்தில் முதல் ஆண்டில் கிடைக்காது.

வேலை வாங்கித் தருகிறோம், பயிற்சிக்கு முன்பணம் கட்டுங்கள், அசல் சான்றிதழ்களை எங்களிடம் வையுங்கள் என்று கேட்பவர்களிடம் இரண்டையும் கொடுக்க வேண்டாம். உண்மையான நிறுவனம் சரிபார்க்க அசலைக் கேட்டாலும், பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிடும்.